கரிசல் மண்ணில் பில்லர் வீடு: ஒன்பது வருடம் குடியிருந்த அனுபவம்

கோவில்பட்டிக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த இடத்தில் 2015 கடைசியில் வேலை ஆரம்பித்து, 2016 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். கீழ்த்தளம் 1,100 சதுர அடி, 12 பில்லர். 2022இல் மாடியில் இரண்டு அறை எடுத்தோம். டைல்ஸ், பெயின்ட், சமையலறை அலமாரி பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. வீட்டின் எலும்பு என்று சொல்லத்தக்க அஸ்திவாரம், பில்லர், பீம், தளம் இவற்றை மட்டும் எழுதுகிறேன். அதற்கு என்ன கூலி கொடுத்தோம், கொடுத்ததற்கு என்ன கிடைத்தது, ஒன்பது வருடத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது வீடு கட்டப் போகிறவர்களுக்கு உதவும்.

பொருள் எங்களுடையது, கூலி மட்டும் கான்ட்ராக்ட். மூன்று பேரிடம் கேட்டோம். சதுர அடிக்கு 210, 245, 260 என்றார்கள். முதல் இரண்டு பேரும் வரைபடத்தைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் விலை சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு கடப்பாரையோடு இடத்துக்கு வந்து, மூலையில் ஓர் ஆளை விட்டுத் தோண்டச் சொன்னார். “தம்பி, கரிசலு வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். கெட்டி எத்தனை அடியில இருக்குன்னு தெரியாம நான் எப்படி ரேட்டு சொல்ல?” ஏழாவது அடியில்தான் சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புப் படிவம், தட்டியது. அதன் பிறகு 260 என்றார். ஐந்தடிக்குக் கீழே போகும் ஒவ்வோர் அடிக்கும் குழிக்கு இவ்வளவு என்று தனியாகச் சொன்னார். அவரிடமே கொடுத்தோம். 210க்கும் 260க்கும் வித்தியாசம் மொத்தத்தில் 55,000 ரூபாய். அப்போது எங்களுக்கு அது பெரிய பணம். வீட்டில் வாக்குவாதமே நடந்தது.

சதுர அடி ரேட் என்பது அரைகுறையான தகவல். அதில் போர்டிகோ முழு ரேட்டா, பாதியா? சன்ஷேட், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் உள்ளேயா, வெளியேயா? பேஸ்மென்ட் தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? இதையெல்லாம் கேட்டால் 245 சொன்னவரின் கணக்கு 270க்குப் பக்கம் வந்து நின்றது. 260 சொன்ன அந்த மேஸ்திரியோடு, அதாவது எங்கள் அண்ணாச்சியோடு, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வேலை முடியும் வரை கூலி விஷயமாக ஒரு சத்தம் கூட வந்ததில்லை.

அந்தத் தாளில் நான் இன்றைக்கும் பெருமைப்படுகிற ஒரு வரி உண்டு. ‘தளத்துக்கு அடியில் முட்டு 14 நாள் பிரிக்கக் கூடாது.’ எங்கள் ஊர்ப்பக்கம் லேபர் கான்ட்ராக்ட்டில், கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையும் முட்டும் மேஸ்திரி கொண்டுவருவது. அவர் அதை வாடகைக்கு எடுத்திருப்பார், அல்லது அடுத்த வேலைக்குத் தேவைப்படும். அதனால் ஏழாம் நாளே பிரிக்கத்தான் மனம் போகும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன்படி நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு ஏழு நாள் நின்றால் போதும், ஆனால் பீமுக்கு 14 நாள். எங்கள் ஹாலின் குறுக்கே ஓடும் பீம் 16 அடி. இஞ்சினியர் சொன்னதன் பேரில், கூடுதல் நாட்களுக்கான சென்ட்ரிங் வாடகை 3,000 ரூபாயை நாங்களே கொடுத்துவிடுகிறோம் என்றோம். அண்ணாச்சிக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. இன்று வரை அந்த பீமில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை, தொய்வும் இல்லை. ஆளைக் குற்றம் சொல்வதை விட, அவர் அவசரப்பட என்ன காரணம் என்று பார்த்து அதற்குப் பணம் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

அப்புறம் கம்பி. கம்பியைக் கிலோவுக்கு வாங்குகிறோமா, துண்டுக் கணக்கில் வாங்குகிறோமா என்பதைக் கவனியுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்று சுமார் 4.74 கிலோ இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 10.66 கிலோ. ஒரு கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். ஆனால் துண்டை எண்ணி, இந்த எடையை வைத்துத்தான் பில் போடுவார்களாம். ஒரு 8 எம்எம் கம்பியைத் தராசில் வைக்கச் சொன்னேன். 4.2 கிலோதான் இருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. அங்கே வாங்கவில்லை. கீழ்த்தளத்துக்கு மொத்தம் நாலேகால் டன் ஆனது, கிலோ 42 ரூபாய் வீதம்.

கம்பி கட்டியவர் இளவட்டம், வேகமான ஆள். பில்லரின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரண்டு முனைகளையும் சதுரமாக மடித்து விட்டுக்கொண்டே போனார். அண்ணாச்சி ஒரு ரிங்கைக் கையில் எடுத்து, தன் விரலால் முனையைக் காட்டினார். “இது சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது, பாரு. பாரம் வந்தா வாயைப் பொளந்துரும். உள்ளே பாக்க மடக்கணும்.” முனை 135 டிகிரி மடங்கி, பில்லரின் வயிற்றுக்குள் கொக்கி மாதிரி போக வேண்டும். அன்றைக்கு மடித்திருந்த எழுபது, எண்பது ரிங்கையும் அந்தப் பையன் மறுபடி மடித்தான். ரிங் ஒன்றுக்குக் கூடுதலாக ஆவது சில விநாடி வேலையும் ஒரு சாண் கம்பியும்தான். ஆனால் கான்கிரீட் போட்டு மூடிய பிறகு எந்த விலை கொடுத்தாலும் அதைத் திருத்த முடியாது.

கம்பி பலகையில் படாமல் இருக்க வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் விஷயமும் அப்படித்தான். பில்லருக்கு 40 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தளத்துக்கு 20. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அந்த இடைவெளி இருந்தால்தான் கான்கிரீட் கம்பியை மூடிக் காக்கும். தளம் போடுவதற்கு முந்தின ராத்திரி நானும் என் மனைவியும் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, குனிந்து குனிந்து பார்த்தோம். ஆட்கள் நடந்த இடத்தில் எல்லாம் பிளாக் சாய்ந்து, கம்பி பலகையில் படுத்திருந்தது. நாற்பது பிளாக் போல எடுத்து வைத்திருப்போம். அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், 210 ரேட்டுக்காரர் என் சித்தப்பா மகனுக்கு அதே வருடம் ஒரு வீடு கட்டினார். உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்தார்கள், அதையே தெளித்தார்கள். கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லி. 2021இல் குளியலறைத் தளத்தின் அடிப்பகுதி உப்பி, பூச்சு விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இரண்டு சன்ஷேட்டை இடித்துப் புதிதாகப் போட்டார்கள். செலவு 1,60,000 ரூபாய். அவன் மிச்சம் பிடித்தது ஐம்பதாயிரத்துக்குச் சொச்சம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வட்டிக்கு வாங்கிக் கட்டினவன், எந்த இடத்தில் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

எங்கள் இடத்திலும் போர்த் தண்ணீர் உப்புதான். குழாயில் தண்ணீர் பல நாளுக்கு ஒரு முறை வந்த காலம் அது. கான்கிரீட்டுக்கும் நனைப்புக்கும் லாரித் தண்ணீர் வாங்கினோம். 14,000 ரூபாய் ஆனது. பில்லருக்குச் சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் நனைத்தோம். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். நாங்கள் வாங்கியது பிபிசி, அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட், அதற்கு நம் ஊர் வெயிலில் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. நாங்கள் பதினான்கு நாள் விட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் கெட்டுப்போனவை.

போர்டிகோவின் முன் பீம் போட்ட அன்று மாலை, கான்கிரீட்டை அதிர வைத்து இறக்கும் வைப்ரேட்டர் நின்றுவிட்டது. மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி பீம் போட்டாயிற்று. அண்ணாச்சி அன்று வேறு ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். கொத்தனார் கம்பியால் குத்திக் குத்தி மீதியை முடித்தார். பலகை பிரித்தபோது, பீம் பில்லரோடு சேரும் இடத்தில் ஒரு கை அகலத்துக்குக் கலவை இறங்காமல், ஜல்லி ஜல்லியாகத் தேனடை மாதிரி நின்றது. நான் பார்த்தேன். சிமென்ட் பாலை ஊற்றி, மேலே பூசி மூடினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தோம். 2020 மழைக்குப் பிறகு அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. மறு வருடம் கோடு விரிசலானது. உடைத்துப் பார்த்தால் அடிக்கம்பி துரு ஏறிப் பொருக்காக உதிர்ந்தது. பீமுக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பினோம். 34,000 ரூபாய். அன்றைக்கே பூச விடாமல் இஞ்சினியரைக் கூப்பிட்டிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். கான்கிரீட் நாளில் வைப்ரேட்டர் இரண்டு வேண்டும். ஒன்று சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, வாடகை கொடுங்கள்.

இன்னொன்று, பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடங்களில் செங்குத்தாக விழுந்த மெல்லிய விரிசல்கள். குடிவந்த அடுத்த கோடையிலேயே ஹாலில் இரண்டு, படுக்கையறையில் ஒன்று. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. பூச்சுக்கு முன்னால் அந்தச் சேர்க்கையில் கோழிவலை அடிக்க வேண்டும். நாங்கள் அடிக்கவில்லை, எங்கள் தாளிலும் அதை எழுதவில்லை. வலியில்லாத குறைதான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். மாடி எடுக்கும்போது எல்லாச் சேர்க்கையிலும் வலை அடித்தோம். அங்கே ஒரு விரிசலும் இல்லை.

மாடி என்றதும் ஒரு பாராட்டு நினைவுக்கு வருகிறது. கீழ்த்தளம் முடிந்தபோது பில்லர் கம்பியை மேலே விட்டு வைத்திருந்தோம். 16 எம்எம் கம்பிக்கு அதன் கனத்தைப் போல 50 மடங்கு, அதாவது இரண்டரை அடிக்கு மேல் நீளம். அண்ணாச்சி அதை மொட்டையாக விடாமல், சத்தில்லாத கலவையால் மூடி, சின்னத் தூண் மாதிரி ஆக்கிவிட்டுப் போனார். ஆறு வருடம் கழித்து 2022இல் தட்டி உடைத்தால், உள்ளே கம்பி நீலம் மங்காமல் இருந்தது. பக்கத்து மனைகளில் கம்பி மழையில் நின்று பாதியாக இளைத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விலை ஏறிப் போயிருந்தது. அந்தக் கோடையில் கம்பி கிலோ 70 ரூபாயைத் தாண்டி நின்றது. கூலி சதுர அடிக்கு 380. கேட்டதைக் குறைக்காமல் கொடுத்தோம், அதே அண்ணாச்சிக்கு.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் தெருவிலும் கரிசல் ஊறி, கால் வைத்தால் முழங்கால் வரை போனது. இரண்டு தெரு தள்ளி, மேலாக அஸ்திவாரம் போட்ட சுற்றுச்சுவர் ஒன்று அலை மாதிரி வளைந்து நின்றது. நான் மழை விட்டதும் செய்த முதல் வேலை, ஹால் மூலையில் இருக்கும் அந்தப் பழைய விரிசலைப் போய்ப் பார்த்ததுதான். 2017இல் இஞ்சினியர் சொன்னபடி விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு கோடையும் மழையும் முடிந்த பிறகு பார்ப்பேன். பெயின்ட் அடிக்க வந்தவரிடம் கூட அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு டார்ச் அடித்து, சுவரில் கன்னம் ஒட்டப் பார்த்தேன். விரிசல் அந்தக் கோட்டிலேயே நின்றிருந்தது.