வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கிய மடக்கு ஸ்டாண்டு மேசை, ஆறு மாதத்துக்குப் பிறகு

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தரையில் துணியை விரித்து, குனிந்து குனிந்து வெட்டி இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். முதலில் ஆன்லைனில் ஆறடி பிளாஸ்டிக் மேசை ஒன்று வாங்கினேன், பாதியாக மடித்து வைக்கிற ரகம். மூன்றே மாதத்தில் அந்த மடிப்பு தொய்ந்துவிட்டது. கத்தரி சரசரவென்று ஓடி வந்து அந்த இடுக்கில் மாட்டும், பட்டு ரவிக்கைத் துணி என்றால் உயிரே போய்விடும்.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறை அண்ணனிடம் சொல்லி இரண்டு ஸ்டாண்டு செய்தேன். ஏணியை விரித்து நிறுத்தின மாதிரி இருக்கும். ஒரு இன்ச் சதுரக் குழாய், மேலே கீல், கால் அகன்று போகாமல் பிடிக்க ஒரு சங்கிலி. அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், எட்டடிக்கு மூன்றடி. 44 இன்ச் துணியை இரண்டாக மடித்தால் 22 இன்ச்தானே, தாராளமாக அடங்குகிறது.

செய்யச் சொல்லும்போது உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாப்பாட்டு மேசை 30 இன்ச் இருக்கும், நின்றுகொண்டு வெட்ட அது போதாது. நான் முழங்கையை மடக்கி அளந்து, அதிலிருந்து ஐந்து இன்ச் குறைத்து 35 இன்ச் வைத்தேன். இப்போது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் வெட்டினாலும் இடுப்பு பிடிப்பதில்லை, இதற்காகவே எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஸ்டாண்டுகளைப் பலகையின் இரண்டு ஓரத்திலும் வைத்திருந்தேன், நடுவில் லேசாக வளைந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணே முக்கால் அடி உள்ளே தள்ளி வைம்மா" என்றார். வளைவு நின்றுவிட்டது. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பிள்ளைகளை உட்காரவிடாதீர்கள், பலகை தூக்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. வெல்டிங் வைத்த இடங்களைச் சரியாகத் தேய்க்காததால் ஒரு சேலையில் இழை இழுத்துவிட்டது. வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். காலுக்கு ரப்பர் புஷ் கேட்டுப் போடச் சொல்லுங்கள், டைல்ஸ் கீறாது. பலகையும் நல்ல கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வேலை முடிந்தால் ஸ்டாண்டுகள் பீரோவுக்குப் பின்னால், பலகை சுவரோடு. போன மாதம் கழற்றிய கதவை இதே ஸ்டாண்டுகளின் மேல் படுக்கவைத்து என் வீட்டுக்காரர் பெயின்ட் அடித்தார். விசேஷத்துக்கு இலை போட இந்த உயரம் ஒத்துவராது, அதனால் 30 இன்ச்சில் இன்னொரு ஜோடி சொல்லியிருக்கிறேன். பலகை இதே பலகைதான்.