தாடை வலிக்குப் போய்ப் பல்லை ராவக் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தைப் பக்கம் தாடை வலி, காதடியில் குத்து என்று பல் கிளினிக் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு வாய் திறக்கும்போது வலது காதுக்கு முன்னால் 'டிக்' என்று சத்தம், காலையில் எழும்பினால் கன்னம் இறுகிப்போய் வலி. காலி வீதியில் ஒரு தனியார் கிளினிக்கில் முழுவாய் எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் திரையைப் பார்த்தாரே தவிர, என் தாடையில் கை வைக்கவே இல்லை. "கடி சரியில்லை, அதுதான் மூட்டு தேயுது" என்றார். நீலக் காகிதம் ஒன்றைப் பல்லுக்கிடையில் வைத்து, "கடியுங்கோ, அரையுங்கோ" என்பார். நீலப் புள்ளி விழுந்த இடத்தையெல்லாம் மெஷினால் ராவுவார். கருகின வாசம் மூக்கில் ஏறும். மறுபடி காகிதம், மறுபடி ராவல். இத்தனைக்கும் ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள்! அடுத்து கடைவாய்ப் பற்களுக்கு கிரவுன் (பல்லை ராவி மேலே போடும் மூடி), அப்புறம் கம்பி, முன்பணம் கட்டினால் கழிவு. கட்டினேன். வலி அப்படியே இருந்தது, பச்சைத்தண்ணி பட்டாலும் பல் கூசத் தொடங்கியதுதான் மிச்சம். கேட்டால், "இன்னும் செட் ஆகேல்லை, பொறுங்கோ." முன்பணம் திரும்பி வரவில்லை. பில்லில் இருப்பது 'சிகிச்சை' என்ற ஒற்றைச் சொல்.

பிறகு வார்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போனேன். வரிசை நீளம்தான், அது வேறு கதை. அங்கே டொக்டர் இரண்டு காதுக்கு முன்னாலும் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். எவ்வளவு திறக்கிறது என்று அடிமட்டம் வைத்து அளந்தார். கன்னத் தசையை அமத்தியதும் அதே வலி, அதே இடம். "நித்திரையில பல்லை நெருமுறனீங்களோ?" தசையிலும் மூட்டிலும்தான் பிரச்சினையாம். அந்த எக்ஸ்ரேயில் எலும்பும் பல்லும் தெரியும். தசையோ மூட்டுக்குள் இருக்கும் வட்டோ தெரியாது. மென்மையான சாப்பாடு, சூட்டு ஒத்தடம், சுவிங்கம் கூடாது, சாப்பிடாத நேரம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டக்கூடாது, இரவுக்குப் பல்லில் கழற்றி மாட்டும் தட்டு. அனேகமானோருக்கு இதிலேயே குறையும். எனக்கும் குறைந்தது. ராவின பல் வளரவா போகிறது?

ராவல், கிரவுன், மூட்டில் ஒப்பரேஷன் என்று திரும்ப எடுக்க முடியாத எதையும் முதல் நாளே சொன்னால், இன்னொரு டொக்டரிடம் காட்டாமல் தலையாட்டாதீர்கள். முகம் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ ஒரு பக்கம் கரண்ட் அடித்தமாதிரி சில விநாடி வலித்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம்; பல்லைப் பிடுங்க விடாமல் நரம்பு வைத்தியரிடம் போங்கள். படியேறும்போது தாடையோடு நெஞ்சும் இறுகினால் அது இதயப் பிரச்சினையாக இருக்கலாம்; பல் கிளினிக் பக்கமே போகவேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. எக்ஸ்ரே பிரதியையும் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். நான் பிறகு கேட்டபோது 'கம்ப்யூட்டர் வேலை செய்யேல்லை' என்றார்கள்.