வெந்நீரா, கரண்டா? ஒரு கோத்தகிரி வீட்டுக் கணக்கு

கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனன் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டதிலிருந்து, பில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "மாமா, இந்தத் தடவை எவ்வளவு வந்திருக்கு தெரியுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொகையைச் சொல்லிவிடுவான். அப்புறம் வழக்கமான பல்லவி: "நீங்களும் போட்டுருங்க. பேனலுக்குக் குளிர்தான் நல்லதாம்."

அவன் சொல்வதில் பாதி உண்மை. சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். சமவெளி மாடியில் மே மாதம் பேனல் தோசைக்கல்லாய்க் காயும்போது, அதே வெயில் இங்கே நீலகிரி மலைமேல் அடித்தால் நமக்குக் கூடுதலாகத்தான் கிடைக்கும். அடித்தால்! அந்த "ஆல்"தான் மலையில் பிரச்சினை.

என் கையில் சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் இருந்தது. அம்மா காலத்துச் செம்பு பாய்லர் அடியில் ஒழுக ஆரம்பித்திருந்தது. இந்தப் பணத்தைப் புகையும் கரியும் குறைவான ஏதாவது ஒன்றில் போட வேண்டும், எதில் என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் விசாரித்தேன், காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

முதலில் ஒரு விஷயம் உறைத்தது. சமவெளி வீட்டில் கரண்டைத் தின்பது ஏசியும் ஃபேனும். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லை. இங்கே எரிபொருள் என்றால் சூடு. அதிலும் முக்கால்வாசி வெந்நீர். ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குளிக்க 150 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுவர நாலரை யூனிட் வெப்பம் வேண்டும். தண்ணீர் 25 டிகிரியில் வரும் கோவைக்கு அதே வேலைக்கு 2.6 யூனிட் போதும். மைத்துனன் வீட்டுக் கணக்கை அப்படியே மலைமேல் ஏற்ற முடியாது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

விறகிலிருந்து தொடங்குகிறேன். எங்களுக்கு அது ஏறக்குறைய இலவசம். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகள், நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளைகள், போதாததற்கு சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). இந்தக் கடைசி இரண்டையும் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து நட்டதற்கு விறகுத் தேவையும் ஒரு காரணம். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கிற குச்சியை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு கணக்குப்படி பெரிய பாவம் இல்லை. பாவம் புகையில் இருக்கிறது. நாட்டு பாய்லரில் விறகின் வெப்பத்தில் கால்வாசி தண்ணீருக்குப் போனால் அதிகம். தினமும் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் எரிய வேண்டும். ஐப்பசி மழையில் விறகு நனைந்துவிட்டால் சூட்டைவிடப் புகைதான் நிறைய. அம்மாவின் இருமல் அந்தப் பாய்லரின் வயசு.

விறகைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கேஸ் கீஸருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஜன்னலைத் துணியால் அடைத்த மலைவீட்டுக் குளியலறையில் அதை மாட்டவே கூடாது, வெளிச்சுவரில் மாட்டலாம். பணக்கணக்கில் அது மோசமில்லை. 150 லிட்டருக்குத் தினம் 450 கிராம் கேஸுக்குள் முடிந்துவிடும், இரண்டு மாதத்துக்கு இரண்டு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உறைபனிக் காலையில் சிலிண்டரே சுணங்கும். உள்ளே இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகத் தொடங்கும் என்பதால், பாதி தீர்ந்த சிலிண்டரில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. சிலர் சிலிண்டரைச் சூடுபடுத்திப் பார்ப்பார்கள். வேண்டாம்.

சாதாரண கரண்ட் கீஸர் வாங்க ஏழெட்டாயிரம் ரூபாய் போதும். அதனால்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இங்கேதான் மின்கட்டணத்தின் படிக்கட்டு காலை வாருகிறது. நான் கணக்குப் போட்டபோது இருந்த, 2024 ஜூலைக்குப் பிந்தைய கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை ஐந்து ரூபாய்க்குள், 500ஐத் தாண்டியதும் எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500ஐத் தாண்டுகிறவர்களுக்கு 101 முதல் 200 வரை கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடும். எங்கள் வீடு 250 யூனிட். பில் ஐந்நூறு ரூபாய்க்குள். கீஸர் தினமும் ஐந்து யூனிட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 300 யூனிட் கூடி 550 ஆகும், பில் ஏறக்குறைய 2,500. கேஸில் அப்போதைய விலையில் 1,650 ரூபாய்க்குள் முடிந்த வேலைக்கு இங்கே 2,000.

காற்றுக்கும் கீஸர் நல்லது செய்வதில்லை. கரண்டு சுத்தமானது என்று நாம் நினைப்பது அது நம் வீட்டில் புகைவதில்லை என்பதால். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, பெரும்பாலும் நிலக்கரியால். 300 யூனிட் என்றால் 210 கிலோ. அதே வெந்நீரைக் கேஸில் காய்ச்சினால் 80 கிலோ.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "நம்ம மலையிலதான் பைக்காரா இருக்கு, குந்தா இருக்கு, மாயாறு இருக்கு. நம்ம கரண்டு தண்ணிக் கரண்டுங்க!" பெருமை நியாயமானது. பைக்காரா 1932லேயே மின்சாரம் தந்தது, குந்தா கனடா உதவியோடு கட்டப்பட்டது. ஆனால் அந்தக் கரண்டு மாநிலம் முழுக்க ஓடும் கம்பியில் கலந்துவிடுகிறது. அணை நம் ஊரில் இருப்பதால் நம் கீஸருக்கு மட்டும் தண்ணீர்க் கரண்டு வராது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இதே கதை. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் 125 யூனிட் ஆகும். 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அது 600 ரூபாய்க்குள், சிலிண்டரைவிட மலிவு. ஏற்கெனவே 500ஐத் தாண்டிய வீட்டுக்கு ஆயிரத்துக்கு மேல். கரியமில வாயு எப்படிப் பார்த்தாலும் இரண்டு மடங்கு. மாடியில் பேனல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்குத் தலைகீழாகும். (எதில் சமைத்தாலும் குக்கர் வேண்டும். 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் மதியம் ஆகிவிடும்.)

ஹீட் பம்ப் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி வேலை செய்யும். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் என்று விற்பார்கள். நம் குளிருக்கு இரண்டரை என்றே வைத்துக்கொண்டேன். அப்படியும் தினம் இரண்டு யூனிட்டில் வேலை முடிகிறது, பில் ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. மேகம் மூடினாலும் நிற்காது, இரவிலும் ஓடும். தடை இரண்டு. 200 லிட்டர் கருவிக்கு எனக்குச் சொன்ன விலை லட்சத்தைத் தாண்டியது. அப்புறம், கம்ப்ரஸரில் கோளாறு வந்தால் ஆள் கோவையிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் மலைப்பாதையில் மண் சரியாத நாளாகப் பார்த்து.

பக்கத்துத் தெருவில் ஆறு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் அக்காவுக்கு நானே இதைத்தான் சொன்னேன். அவருக்கு இருப்பது வணிக இணைப்பு, இலவச யூனிட் கிடையாது, விருந்தாளி மழை நாளிலும் சுடுதண்ணீர் கேட்பார். தினம் 600 லிட்டர் காய்ச்சுகிற இடத்தில் ஹீட் பம்ப் போட்ட காசைச் சீக்கிரம் எடுத்துவிடும். நான்கு பேர் வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்.

சோலார் வாட்டர் ஹீட்டரை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். மூடுபனி ஊருக்கு ஒத்துவராது என்று முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது உறைபனிதான். மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெள்ளையாய்க் கிடக்கும் காலையில் நிமிர்ந்து பாருங்கள், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மேகம் இல்லாததால்தான் நிலத்தின் சூடு இரவில் தப்பிப் போய் உறைபனி விழுகிறது. அதே காரணத்தால் பகல் முழுக்க வெயில். வெந்நீர் மிக அதிகமாக வேண்டிய மாதங்களில்தான் இங்கே வெயிலும் மிக நன்றாக இருக்கிறது. பேனலை வாழ்த்தும் மைத்துனனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் எந்த வகை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். தட்டையான செம்புத் தகடு வகையில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்க வாய்ப்பு உண்டு; உறைபனி விழும் இடத்தில் வேண்டாம். வெற்றிடக் கண்ணாடி ட்யூப் வகை குளிரைத் தாங்கும், வெளியே ஐந்து டிகிரி இருந்தாலும் உள்ளே சூடு பிடிக்கும். அதற்கு எதிரி குரங்கு. அரவேணு பக்கம் ஒரு நண்பர் வீட்டில் குரங்குக் கூட்டம் குதித்து ஒரு ட்யூப் உடைந்தது. மலிவு மாடலில் ட்யூபுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் என்பதால் ஒன்று உடைந்தவுடன் டேங்க் முழுதும் கூரை வழியே கொட்டிவிட்டது. விற்ற கடைக்காரர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. ஹீட் பைப் (சூட்டை டேங்குக்குக் கடத்தும் மூடிய செம்புக் குழாய்) வைத்த மாடலில் ட்யூபுக்குள் தண்ணீர் வராது. ஒன்று உடைந்தாலும் மற்றவை ஓடும். சில ஆயிரம் கூட, ஆனால் குரங்கு இருக்கும் ஊரில் அது தண்டச் செலவில்லை. மேலே கம்பி வலையும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு. நிரம்பிய 200 லிட்டர் டேங்க் 200 கிலோவுக்கு மேல். தகரக் கூரையும் பழைய ஓட்டுக் கூரையும் தாங்காது, கான்கிரீட் தளமோ தனி இரும்புச் சட்டமோ வேண்டும். ட்யூபைத் தெற்குப் பார்த்து, சமவெளியில் வைப்பதைவிடக் கொஞ்சம் நிமிர்த்தி, 25 டிகிரி சாய்வில் வைத்தால் தாழ்ந்து வரும் மார்கழி வெயிலை நன்றாகப் பிடிக்கும். மலையின் வடக்குச் சரிவில் வீடு இருந்தால், பத்து மணி வரை நிழல் விலகாவிட்டால், சோலார் ஹீட்டரையே மறந்துவிடுங்கள்.

நான் எழுதுவது மலையின் கிழக்குப் பக்கத்திலிருந்து. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. அந்த இரண்டு மூன்று மாதத்தைச் சமாளித்தால் போதும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் கதையே வேறு. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆடி, ஆவணி முழுக்கச் சூரியனைப் பார்க்காத ஊர்க்காரர் என் பேச்சைக் கேட்டு ட்யூப் வாங்கினால் என்னைத் திட்டுவார். அவருக்கு ஹீட் பம்ப், இல்லையென்றால் புகைபோக்கி வைத்த நல்ல விறகு பாய்லர். கூடலூர் பக்கம் நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுவையும் யோசிக்கலாம். ஊட்டியில் அது தூங்கிவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் கிருமிகள் வேலை செய்ய மறுக்கும்.

சரி, மைத்துனனின் பேனலுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். எனக்குச் சொன்ன விலையில் மானியம் போக 3 கிலோவாட்டுக்குக் கையிலிருந்து 1,20,000. நான் இப்போது கட்டும் கரண்ட் பில் வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்குள். பேனல் அதை முழுதாக அழித்தாலும் போட்ட பணம் திரும்ப 40 வருஷம்; பேனலுக்கு உத்தரவாதமே 25 வருஷம்தான். மைத்துனனுக்குச் சரிவருவதற்குக் காரணம், ஏசி ஓடும் வீட்டில் பேனல் முதலில் வெட்டுவது பதினோரு ரூபாய் யூனிட்டை. நம் வீட்டில் அது வெட்டுவது ஐந்து ரூபாய்க்குள் இருக்கும் யூனிட்டையும், அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்த யூனிட்டையும்.

பேனல் போட்டால் கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், லைனில் மின்சாரம் நின்றவுடன், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கும் நம் ஊரில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது. பேட்டரி சேர்த்தால் விலை வேறு.

கடைசியில் 200 லிட்டர் ஹீட் பைப் ஹீட்டர், மழை மாதங்களுக்கு ஒரு 15 லிட்டர் கீஸர், குழாய்க்குச் சூடு தாங்கும் உறை, கம்பி வலை எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குள் முடித்தேன். மீதி வங்கியில் இருக்கிறது. மகள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கேட்கிறாள், மனைவி இண்டக்‌ஷன் கேட்கிறாள். இரண்டும் வந்து மீட்டர் 500ஐத் தொடும் மாதத்தில் மைத்துனனுக்கு நானே போன் பண்ணுவேன்.

ஹீட்டர் வந்த வண்டியிலேயே இரண்டு கண்ணாடி ட்யூபைக் கூடுதலாக வாங்கி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். குரங்குகள் இதுவரை வலைமேல் உட்கார்ந்து குளிர்காய்வதோடு நிறுத்திக்கொள்கின்றன.