வைஃபை டிரைவர்: மடிக்கணினி நிறுவனத்திடமா, சில்லு நிறுவனத்திடமா?

விண்டோஸை மீண்டும் நிறுவியதும் வைஃபை காணாமல் போனால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேட இரண்டு இடங்கள் உண்டு: மடிக்கணினி நிறுவனத்தின் தளம், வைஃபை சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் தளம். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரே மாடலில் வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை அட்டைகள் வரலாம். என் மடிக்கணினிக்கு மூன்று கோப்புகள் காட்டினார்கள். முதலில் இறக்கியது பொருந்தவே இல்லை.

சில்லு நிறுவனத்தின் தளத்தில் பெரும்பாலும் புதிய பதிப்பு கிடைக்கும். அதற்கு முன், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் உள்ள வரியைத் திறந்து ஹார்டுவேர் ஐடியை, அதாவது அந்தப் பாகத்தின் அடையாளக் குறியீட்டை, பாருங்கள். அதில் 8086 இருந்தால் இன்டெல், 10இசி (10EC) இருந்தால் ரியல்டெக், 14சி3 (14C3) இருந்தால் மீடியாடெக். இன்டெல் அட்டை என்றால் தயங்காமல் அதன் தளத்துக்கே போவேன். மற்றவற்றுக்கு மடிக்கணினி நிறுவனத்தின் கோப்புதான் என் தேர்வு. இறக்குவதற்கு இணையம் வேண்டுமே! ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் வசதியை இயக்கினால் போதும்.