மெரியம்-வெப்ஸ்டர் தளம்: கெட்ட குணத்தைச் சொல்லும் சொற்களுக்கு எவ்வளவு உதவும்?

ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ்களில், கெட்ட குணத்தைக் குறிக்கும் விஷஸ், நெஃபேரியஸ், இனிக்விட்டஸ், கரப்ட் ஆகிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். அப்படியே எடுத்துப் போட்டால் வாக்கியம் சொதப்பிவிடும். மெரியம்-வெப்ஸ்டரின் இலவச ஆங்கில அகராதித் தளத்தில் ‘விஷஸ்’ என்று தேடி, பொருள் விளக்கங்களைத் தாண்டிக் கீழே போங்கள். ‘சூஸ் தி ரைட் சினனிம்’ (சரியான இணைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்) என்ற சிறு பகுதி வரும்; ஒத்த சொற்களுக்கு இடையிலான நுட்பமான வேறுபாட்டை அது சொல்லும். இந்தத் தளத்தின் உண்மையான பலம் அதுதான்.

விஷஸில் கொடூரமும் வன்முறையும் உண்டு. கடிக்கிற நாயையும் அப்படிச் சொல்லலாம். நெஃபேரியஸ் நாய்க்குப் பொருந்தாது. காலங்காலமாக மதிக்கப்படும் நெறியைத் துணிந்து மீறும் சதித்திட்டத்துக்குத்தான் அது. இனிக்விட்டஸ் என்றால் நியாயமே இல்லாதது. வரி, சட்டம், அமைப்பு போன்றவற்றோடு நன்றாக ஒட்டும். கரப்ட்டில் நம்பிக்கைத் துரோகம் இருக்கிறது. ஏற்ற பொறுப்புக்கோ கொள்கைக்கோ விசுவாசமாக இல்லாதவரையே அது குறிக்கும். வெறுமனே முரட்டு ஆளை கரப்ட் என்று எழுதினால், லஞ்சம் வாங்கியவர் என்றே படிப்பவர் நினைப்பார். டிஜெனரேட் சீரழிந்து தாழ்ந்துபோன நிலை.

குறையும் உண்டு. எடுத்துக்காட்டுகள் சில சொற்களே கொண்ட சிறு துணுக்குகள்தான். எது பேச்சுக்கு, எது எழுத்துக்கு என்று அந்தப் பகுதி சொல்வதில்லை. நெஃபேரியஸ், இனிக்விட்டஸ் இரண்டுமே சம்பிரதாயமான எழுத்து நடைச் சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி அதைத் தெளிவாகவே குறித்துவிடுகிறது. பொருள் வேறுபாட்டை இங்கே பாருங்கள், நடையை அங்கே சரிபாருங்கள். நடுவில் வரும் விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.