அம்மாவோடு கொடைக்கானல் ஏரிக்கரைக்கு

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே மலை சுவர் போல எழுந்து நிற்கும். ராத்திரியானால் அதன் உச்சியில் வரிசையாக விளக்குகள் தெரியும். அதுதான் கொடைக்கானல். எழுபத்தாறு வயதான என் அம்மா வாழ்நாள் முழுக்க அந்த விளக்குகளைக் கீழே இருந்தே பார்த்தவர். ஏரிக்கரைக்குப் போனது கல்யாணமான வருஷம், ஒரே ஒரு தடவை. இந்த ஜனவரியில் பள்ளி விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தேன். "ஒருநாள் மேல கூட்டிட்டுப் போறியா தாயி?" என்று கேட்டார். அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. அன்றே தேதி குறித்துவிட்டோம்.

பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடியட்டும் என்று அடுத்த வாரத்தில் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். முட்டிவலிக்காரரைக் கூட்டிப்போவதென்றால் வார நாள்தான் சரி. வார இறுதியில் ஏரிச்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நிறுத்த இடம் கிடைக்காமல் தூரத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

இப்போது மலைக்கு வண்டியில் போக இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கட்டணம் கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி என்று நிரப்பினால் போதும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே பதிவு செய்யலாம். உள்ளூர் சிம் இல்லையே என்று தவிக்க வேண்டியதில்லை. அரசுப் பேருந்தில் போனால் பாஸே வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். வாடகைக் கார் ஏற்பாடு செய்தவர், "பாஸ் நாங்களே எடுத்திருவோம்க்கா" என்றார். நம்பி விட்டுவிட்டேன். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் சோதனைச்சாவடியில் கேட்டபோது டிரைவரிடம் எதுவுமில்லை. ஓரமாக நிறுத்தி, என் தம்பி தன் போனில் பதிவு செய்து காட்டுவதற்குள் அரை மணி நேரம் போனது. அம்மா காருக்குள் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. டிரைவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. பாஸை நீங்களே எடுத்து, நகலை டிரைவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாஸ் முறை தொல்லை என்று ஊரில் பலர் சொல்லக் கேட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒற்றைச் சாலையில் எவ்வளவு வண்டிகள்தான் ஏற முடியும்?

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகவும் ஒரு சாலை இருக்கிறது. குறுகலானது, மழைக்காலத்தில் மண் சரியும். அதனால் தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டில் திரும்பி, வழக்கமான மலைச்சாலையில்தான் போனோம். டம்டம் பாறையில் நிறுத்தி, தூரத்தில் எலிவால் அருவியைப் பார்த்தோம். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அருவி, அங்கிருந்து பார்க்க நிஜமாகவே ஒரு வால் போலத்தான் இருந்தது.

பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் தடை இருக்கிறது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-ல் அறிவித்தார்கள். நாங்கள் எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீரும், பிளாஸ்கில் சுக்குக் காபியும் எடுத்துப் போனோம்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. மஞ்சு விலகி வெயில் விழுந்திருந்தது. மதியத்துக்கு மேல் மஞ்சு திரும்பவும் இறங்கிவிடும் என்பதால், ஏரிக்குக் காலை நேரத்தை ஒதுக்குவதுதான் நல்லது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது. கிட்டத்தட்ட 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். கரையில் நிற்கும்போது அந்த வடிவம் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஏரி முடிந்துவிட்டது போலிருக்கும். திரும்பினால் இன்னொரு கை நீண்டு கிடக்கும். சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பிள்ளைகள் வாடகை சைக்கிளில் சுற்றினார்கள்.

அம்மாவுக்காக மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். நடைபாதையில் அது ஓடிவிடும். ஏறுவதும் இறங்குவதும்தான் கஷ்டம், இரண்டு இடங்களில் தூக்கித்தான் வைத்தோம். கழிப்பறை எங்கே என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் தரை ஈரமாக, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் இருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இத்தனை பேர் வருகிற ஊரில் சுவரில் ஒரு கைப்பிடி வைப்பது அவ்வளவு பெரிய செலவா?

படகுத் துறையில் பார்த்தது இதற்கு நேர்மாறு. மிதி படகு வேண்டாம் என்று துடுப்புப் படகுக்குச் சீட்டு எடுத்தோம். படகோட்டி அம்மாவின் காலைப் பார்த்தார். படகைத் துறையோடு ஒட்டப் பிடித்து, இன்னொருவரையும் கூப்பிட்டு, "மெதுவா வாங்க ஆத்தா, அவசரமே இல்ல" என்று இரண்டு பேராகத் தாங்கி உட்கார வைத்தார்கள். மிதவைச் சட்டையின் வாரை அவரே கட்டிவிட்டார். தண்ணீருக்குள் கையை விட்டபடி அம்மா அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தும் இறக்கும்போதும் அதே நிதானம். அவருக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியாக வார்த்தை வரவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோளம், வேர்க்கடலை விற்பவர்கள் வரை எல்லோரும் ஸ்கேன் அட்டைதான் நீட்டுகிறார்கள். என்.ஆர்.ஓ. கணக்கோடு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) ஆஸ்திரேலிய போன் எண்ணை இணைத்து யு.பி.ஐ. வைத்துக்கொள்ளலாம்; ஊருக்குக் கிளம்பும் முன்பே உங்கள் வங்கியில் கேட்டுவிடுங்கள். நான் செய்யவில்லை. சில்லறை நோட்டுகள்தான் கைகொடுத்தன.

பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா. 1908-ல் உருவானது, இப்போது தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. மே மாத மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொண்டு ஜனவரியில் போகாதீர்கள். பல பாத்திகளில் வெறும் மண்ணும் நாற்றும்தான். அம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் என்ன செடி, எத்தனை நாளில் பூக்கும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குக் கோக்கர்ஸ் வாக் போனோம். மலை விளிம்பை ஒட்டிய நடைபாதை, கீழே சமவெளி. மஞ்சு கொஞ்சம் விலகியபோது தம்பி, "அந்தா பெரியகுளம்மா" என்று காட்டினான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்து நின்று வெகுநேரம் தேடினார். "நம்ம மாடி தெரியுதா?" என்றார். பிள்ளைகள் தெரியுது பாட்டி என்றார்கள்.

பேரிஜம் ஏரிக்கும் போக ஆசைப்பட்டோம். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள்ளே. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், ஒரே நாளில் அம்மாவால் இரண்டும் முடியாது. இறங்கும்போது காரில், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி அது என்று தம்பி சொன்னான். "நாம குடிக்கிற தண்ணியா? அப்ப அதைப் பார்க்கணும்ல" என்றார் அம்மா. அடுத்த வருஷத்துக்கு அனுமதிச் சீட்டு எடுக்கும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறான்.