சானாவா, ஸ்டீமா: முதல் தடவை எந்தக் கதவைத் திறப்பது?

சேலத்தில் சானா, அதாவது காய்ந்த சூட்டில் வியர்க்க உட்காரும் மர அறை, என்று பேச்செடுத்தாலே, "சித்திரை வெயில் போதாதா, காசு கொடுத்து வேற வேகணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் வெயிலிலிருந்து நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. சானாவில் பத்து நிமிடம் சூடு, உடனே வெளியே வந்து குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்தால்தான் அது சானா. அதனால்தான் முதல் தடவையைக் கோடைச் சேலத்தில் வைத்துக்கொள்ளாமல், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், குளிர் மாதங்களில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நான் போனதும் அப்படித்தான். ஒரு மார்கழி மாலை, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி, கூட என் மச்சான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். மரக் கதவில் சானா, 80 டிகிரி. கண்ணாடிக் கதவில் ஸ்டீம், அதாவது நீராவி அறை, 45 டிகிரி. "மாப்ள, 45தான், இதுக்குள்ள போவோம்" என்றார் மச்சான். நாலு நிமிடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்து ஆறிவிட்டு, தயங்கித் தயங்கிச் சானாவுக்குள் போனேன். அங்கே எட்டு நிமிடம் நிம்மதியாக உட்கார முடிந்தது.

காரணம் வியர்வை. வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிரும். சானாவின் காற்று காய்ந்த காற்று, ஈரப்பதம் 10, 20 சதவீதம்தான். ஊறும் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடும். ஸ்டீம் ரூமில் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம், வியர்வைக்கு உலர வழியே இல்லை. போதாததற்கு, நீராவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தன் சூட்டையும் நம்மேல் இறக்கிவிடுகிறது. சேலத்து 40 டிகிரியைத் தாங்குகிறவர் சென்னையின் 36இல் தவிப்பாரே, அதே கணக்குதான். கதவில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு விதத்திலும் புதியவருக்குச் சானாதான் நல்லது: சூட்டை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். கீழ்ப் பலகையில் துண்டை விரித்து உட்காருங்கள். ஐந்திலிருந்து எட்டு நிமிடம் போதும். தலை லேசாகச் சுற்றினாலும் எழுந்து வந்துவிட வேண்டும், யாருடனும் போட்டி வேண்டாம். சானாவைச் சூடாக்கும் அடுப்பின் கற்கள்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் ஆவி எழும்பி முகத்தில் அறையும். பின்லாந்துக்காரர்கள் அதை லோய்லு என்பார்கள், அவர்களுக்குச் சானாவின் உயிரே அதுதான். அவர்களுடைய சானாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எல்லா அடுப்பும் தண்ணீர் விடுவதற்கு ஏற்றதல்ல. அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடியோடு உள்ளே போய்விட்டேன். உலோகம் சீக்கிரம் சூடேறும். தோலில் சிவந்த தடம் இரண்டு நாள் இருந்தது. தாலிக்கொடி, மோதிரம், மெட்டி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் வெளியே வைத்துவிடுங்கள். கழற்ற மனமில்லை என்றால் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

சளி, மூக்கடைப்பு என்றால் மட்டும் ஸ்டீம் முந்துகிறது. ஈர ஆவி மூக்குக்குக் கொஞ்ச நேரம் இதம் தரும். ஆனால் அதற்காக மட்டும் மலை ஏற வேண்டியதில்லை. நொச்சி இலை போட்டுக் கொதித்த பானையும் ஒரு போர்வையும் இருந்தால் வீட்டிலேயே வேது பிடித்துக்கொள்ளலாம். குழந்தைகள் அந்தப் பானைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூன்றாவதாக, ஆயுர்வேத நிலையங்களில் இருக்கும் ஆவிப்பெட்டி. உடம்பு பெட்டிக்குள், தலை வெளியே. மூச்சுக்குச் சாதாரணக் காற்று கிடைப்பதால், சூடான காற்றை இழுக்கப் பயப்படுகிறவர்களுக்கு இதுவே தோது. அகச்சிவப்புக் கதிரால் உடம்பைச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் சானா என்று ஒன்றும் உண்டு. கல்லும் இல்லை, ஆவியும் இல்லை. அதைச் சானா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலன் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வியர்த்து இறங்கும் எடை தண்ணீர்தான், குடித்ததும் திரும்பி வரும். வியர்வையோடு உடம்பின் கழிவெல்லாம் போய்விடும் என்பார்கள்; ஆனால் அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன. பின்லாந்தில் 2,315 ஆண்களை ஏறத்தாழ 20 வருடம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 4 முதல் 7 தடவை சானா போனவர்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. சானாதான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு ஒரு முறை ஏற்காட்டில் உட்காரும் நமக்கு அது பொருந்தவும் பொருந்தாது. எனக்குக் கிடைத்தது தளர்ந்த தோளும் அன்றிரவு நல்ல தூக்கமும்தான். அதுவே பெரிதாகத் தெரிந்தது.

கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், காய்ச்சல் இருப்பவர்கள் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண்கள் தள்ளிப்போடுவது நல்லது, அதிகச் சூடு விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும். மது குடித்துவிட்டுக் கூடவே கூடாது. ஏற்காடு போகிற நண்பர் கூட்டங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், வெளியே வந்ததும் சட்டென நடமாட வேண்டாம், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். முதலில் மலைக்காற்றில் உட்காருங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கடைசியில் பச்சைத் தண்ணீர். உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு. அன்றைக்கே சேலம் இறங்குவதாக இருந்தால் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அரை மணி நேரமாவது ஆறிய பிறகு வண்டிச் சாவியைத் தொடுங்கள்.